ஈறும் சிகுரும்

எங்கள் வீட்டில் பல் ஈறுக்கு இரண்டு பெயர். வெளியே தமிழும் வீட்டுக்குள் தெலுங்கும் பேசுகிற குடும்பம். நைனா தமிழ்ப் பேச்சில் "ஈறு" என்பார். அவருடைய அம்மா, எங்கள் அவ்வா, கடைசி வரை "சிகுரு" என்றுதான் சொன்னாள். தெலுங்கில் சிகுரு என்றால் துளிர் என்றும் பொருள் உண்டு. தமிழிலோ ஈறு என்றால் முடிவு. பள்ளிக்கூடத்தில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் படித்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அரை அங்குலச் சதை, ஒரு மொழிக்கு அது தொடக்கம், இன்னொரு மொழிக்கு அது முடிவு. திருத்தணி மாதிரி எல்லை ஊரில் பிறந்தால் இப்படிப்பட்ட யோசனைகளுக்குப் பஞ்சமில்லை.

அவ்வா அதே வீட்டில் இருந்தபடியே ஆந்திராவிலிருந்து மெட்ராஸ் ராஜ்யத்துக்கு வந்தவள். 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய போராட்டங்களைப் பற்றி நைனா பெருமையாகச் சொல்வார். அவ்வாவுக்கு அதில் பெரிய அக்கறை கிடையாது. விடிந்ததும் ஒரு வேப்பம் புல்லயை ஒடித்து வாயில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவாள். புல்ல என்றால் குச்சி. அரைமணி நேரம் மெல்லுவாள், தேய்ப்பாள், துப்புவாள், போகிற வருகிறவர்களிடம் பேசுவாள். பிறகு கல்லுப்பு. எண்பத்து நாலு வயதில் இறந்தபோது முன்பல் அத்தனையும் இருந்தன. "அந்தக் காலத்து உடம்பு, அந்தக் காலத்து வேப்பங்குச்சி" என்று சாவு வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள்.

அவள் பெற்ற பிள்ளை, என் நைனா, நாற்பத்தைந்து வயதில் பல் கொட்டத் தொடங்கியவர். அவர் நெசவாளி. அறுந்த நூலை முடிந்துவிட்டு மிச்ச நுனியை முன்பல்லால் கடித்து அறுப்பது தறிக்காரர்களின் பழக்கம். கை தறியை விடவேண்டியதில்லை, ஒரு நொடியில் முடியும். ஒருநாள் அவர் கத்தரிக்கோலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. பல் ஆடுகிறது என்பதை அவர் எங்களுக்குச் சொன்ன விதம் அதுதான்.

போன வருஷம் என் முறை வந்தது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த வாரம், கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் ஏதோ நெருடல் என்று பல் மருத்துவரிடம் போனேன். என் மகள் வயசுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். "மூணு, ரெண்டு, மூணு... ஆறு... ஏழு." மூன்று வரை இருந்தால் சரி, அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

"சொத்தை ஒண்ணுகூட இல்ல சார். ஆனா ரெண்டு பக்கமும் எலும்பு இறங்கியிருக்கு. ரத்தம் வருமா?"

"பிரஷ் பண்ணும்போது கொஞ்சம் வரும். பத்து வருஷமா இருக்கு."

"கை கழுவும்போது பத்து வருஷமா ரத்தம் வந்தா இப்படிச் சும்மா இருப்பீங்களா?"

பதில் சொல்ல வாய் திறக்க முடியாத நிலையில்தான் பல் மருத்துவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த வரலாற்றுக்குள் போனேன். எனக்கு வேறொரு கேள்வியும் இருந்தது. அவ்வாவுக்கு ஏன் இருந்தது, நைனாவுக்கு ஏன் போனது?

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்ற பழமொழியில் வருகிற வேல் முருகன் கையில் இருக்கும் வேல் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். மலையடிவாரத்துப் பிள்ளைக்கு வேறு எது தோன்றும்? அது கருவேலங்குச்சி என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றம். ஆலும் வேலும் துவர்ப்பு, வேம்பு கசப்பு. குச்சியின் நுனியை மென்றால் நார் பிரிந்து தூரிகை ஆகிவிடும். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி இத்சிங் இந்தப் பல்குச்சியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பன்னிரண்டு விரற்கடைக்கு மேல் நீளம் கூடாது, எட்டுக்குக் குறையக் கூடாது, தேய்த்து முடித்தபின் குச்சியைப் பிளந்து நாக்கை வழிக்க வேண்டும் என்பது வரை சொல்கிறார். அவ்வாவும் குச்சியைப் பிளந்துதான் நாக்கை வழிப்பாள்.

அவருக்கும் முற்பட்ட சுசுருத சம்ஹிதை வாய்நோய்களை அறுபத்தைந்தாகப் பிரிக்கிறது. அதில் பல்லைத் தாங்கும் ஈறுக்கு உரியவை மட்டும் பதினைந்து, பல்லுக்கு உரியவை எட்டுதான். பல்லை விட ஈறுதான் அதிகம் கெடுகிறது என்று அந்தக் கால வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். பல்லில் படியும் காரையை, பல்லின் வேருக்குக் காயம் படாமல் சுரண்டி எடுக்க வேண்டும் என்ற அறிவுரையும் அதில் உண்டு. இன்றைக்குப் பல் மருத்துவமனையில் நடக்கும் 'க்ளீனிங்'கின் சாரம் இதுவே. "அதெல்லாம் வெள்ளைக்காரன் பண்றது, நம்ம பழக்கமில்ல" என்று சொல்கிற பெரியவர்களிடம் நான் இப்போது சுசுருதரைத்தான் முன்னால் நிறுத்துகிறேன்.

ஈறு எதனால் கெடுகிறது என்பதன் முதல் தடயம் 1683-ல் கிடைத்தது. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லீவன்ஹூக், தான் செய்த லென்ஸ் வழியாகத் தன் பல்லிடுக்கு அழுக்கைப் பார்த்தார். தினமும் உப்பால் பல் தேய்த்துத் துணியால் துடைக்கிறவன் நான், ஆனாலும் இடுக்கில் மாவு போல வெள்ளையாக ஏதோ தங்குகிறது என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்த வெள்ளைக்குள் சின்னச்சின்ன உயிர்கள் துள்ளிக்கொண்டிருந்தன. பாக்டீரியாவை மனிதக் கண் கண்ட ஆரம்பகாலக் காட்சிகளில் அது ஒன்று. உப்பால் தேய்த்தாலும் இடுக்கில் தங்குகிறது என்ற அந்தச் சின்னக் கவனிப்புதான் என்னை நிறுத்தியது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் கவனிக்காத விஷயம்.

அடுத்தவர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் ரிக்ஸ். 1844 டிசம்பரில், சிரிப்பூட்டும் வாயுவின் மயக்கத்தில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவரின் பல்லைப் பிடுங்கியவர் இவர். மயக்க மருந்தின் வரலாற்றில் அதனால் ஒரு மூலையில் இடம் உண்டு. ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் வாதாடியது ஈறுக்காக. ஈறை வெட்டி எறியாதீர்கள், ஈறுக்கு அடியில் ஒளிந்திருக்கும் காரையை எடுங்கள், வேரை வழவழப்பாக்குங்கள், அப்புறம் நோயாளி தினமும் சுத்தமாக வைத்துக்கொள்ளட்டும் என்றார். அதனால் இந்த நோய்க்கே ரிக்ஸ் நோய் என்ற பெயர் கொஞ்ச காலம் வழங்கியது.

பிறகு பயோரியா என்ற பெயர் நிலைத்தது. சீழ் வடிதல் என்று பொருள். நைனா தலைமுறைக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும், பல்பொடி டப்பாவில் இருந்தது, பத்திரிகை விளம்பரத்தில் இருந்தது. அமெரிக்காவில் ஃபோர்ஹான்ஸ் பற்பசைக் கம்பெனி 1920-களில் ஐந்தில் நான்கு பேருக்கு பயோரியா வரும் என்று பயமுறுத்தியே விற்றது. அதே பற்பசை இங்கே வந்தபோது பல் மருத்துவர் உருவாக்கியது என்ற பெருமையோடு வந்தது. எங்கள் வீட்டுக்கு அது எட்டாத விலை. இலங்கை வானொலியில் விளம்பரம் கேட்டு நைனா கோபால் பல்பொடி வாங்கினார். ரோஸ் நிறம், லேசான இனிப்பு. நாங்கள் பாதியைத் தின்றுவிடுவோம். அதற்கு முன் உமிக்கரி, அதற்கும் முன் செங்கல் பொடி. எல்லாவற்றையும் ஆள்காட்டி விரலால் தேய்த்தோம். விரல் எவ்வளவு முயன்றாலும் இடுக்குக்குள் போகாது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி ஈறு வரலாற்றில் ஒரு தடுமாற்றக் காலம். லெனார்ட் ரோஜர்ஸ் 1912-ல் கல்கத்தாவில் அமீபா வயிற்றுக்கடுப்புக்கு எமெட்டின் ஊசி போட்டுக் குணப்படுத்தினார். உடனே அமெரிக்காவில் சிலர், பயோரியாவும் அமீபாவால்தான் வருகிறது, எமெட்டினே மருந்து என்று அறிவித்தார்கள். அதில் ஒருவர் நியூ ஆர்லியன்ஸின் சார்லஸ் பாஸ். அது நிலைக்கவில்லை. இன்னொரு பக்கம் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், 1910-ல் மான்ட்ரியாலில் ஆற்றிய உரையில், வாயில் தங்கும் சீழே உடம்பின் பல நோய்களுக்கு மூலம் என்றார். அவர் குற்றம் சொன்னது மோசமான பல் வைத்தியத்தை. ஆனால் கேட்டவர்கள் பல்லையே குற்றவாளியாக்கினார்கள். மூட்டுவலியா, பிடுங்கு. மனநோயா, பிடுங்கு. முப்பது வருஷம் இந்த அலை ஓயவில்லை. "ஆடற பல்ல வெச்சிருந்தா மத்ததையும் கெடுத்துடும், எல்லாத்தையும் எடுத்துட்டு செட் கட்டிக்க" என்று நைனாவுக்கு ஊரில் கிடைத்த இலவச ஆலோசனையில் அந்த அலையின் கடைசித் துளி இருந்ததாகவே இப்போது நினைக்கிறேன்.

தெளிவு வந்தது 1965-ல். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர் ஓர் எளிய பரிசோதனை செய்தார். ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். பல் தேய்ப்பதை நிறுத்துங்கள் என்றார், அவ்வளவுதான். 10 முதல் 21 நாட்களுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி தேய்க்கத் தொடங்கினார்கள், சில நாட்களில் எல்லாம் பழையபடி ஆயிற்று. பல்லில் படியும் பாக்டீரியாப் படலம் காரணம், அதை அகற்றினால் ஈறு தானே ஆறும் என்று நிரூபணமாயிற்று. சீதோஷ்ணம், சூடு, வைட்டமின் குறைவு என்று அதுவரை சொன்னவை எல்லாம் பின்னுக்குப் போயின.

அப்புறம் லோவுக்கு எழுந்த கேள்விதான் எங்கள் வீட்டுக் கேள்வி. வீங்கிய ஈறை அப்படியே விட்டுவிட்டால் வாழ்நாளில் என்ன ஆகும்? அதைப் பார்க்க வேண்டுமானால் பல் மருத்துவரே இல்லாத, பல் தேய்க்காத மனிதர்கள் வேண்டும். அவர்களை அவர் கண்டுபிடித்த இடம் இலங்கை மலைநாடு. 1970-ல் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களின் வாய் பரிசோதிக்கப்பட்டது. தமிழர்கள். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் கங்காணிகளின் பின்னால் மண்டபம் முகாம் வழியாகப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒப்பிட்டுப் பார்க்க ஒஸ்லோவின் மாணவர்களும் கல்வியாளர்களும்.

உலகத்தில் எந்த மூலையில் ஈறு மருத்துவம் படிக்கிறவரும் இந்த ஆய்வைப் படிக்காமல் பட்டம் வாங்க முடியாது. அந்த வாய்கள் நம்முடையவை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்களிடம் பல் துலக்கும் பழக்கமே இல்லை என்கின்றன அந்த ஆய்வுக் கட்டுரைகள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஆலும் வேலும் பேசின ஜனமா? பிறகு யோசித்தேன். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். லயத்து அறையில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடக்கும். அவ்வாவுக்கு இருந்த திண்ணை அங்கே இல்லை, அரைமணி நேரமும் இல்லை. சுற்றிலும் தேயிலைச் செடிதான். ஒரு பழமொழி கடல் தாண்டிப் போகலாம், அதைக் கடைப்பிடிக்க வேண்டிய காலை நேரத்தைக் கங்காணி கூடவே அனுப்பவில்லை.

பதினைந்து வருஷம் திரும்பத் திரும்பப் பரிசோதித்து, 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்குச் சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆகவே விழுந்த பல் ஈறு நோயால் விழுந்தது. எல்லார் பல்லிலும் காரை, ஏறக்குறைய எல்லார் ஈறிலும் வீக்கம். ஆனால் விளைவு ஒன்றாக இல்லை. 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது, நாற்பத்தைந்து வயதுக்குள் அநேகமாக எல்லாப் பல்லும் போயிற்று. 81 சதவீதம் பேருக்கு மிதமாக நகர்ந்தது, அதே வயதில் சராசரியாக ஏழு பற்கள் போயின. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒன்றும் ஆகவில்லை. ஒரே தோட்டம், ஒரே சோறு, ஒரே அழுக்கு.

இந்த மூன்று எண்களைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வா அந்தப் பதினொன்றில் ஒருத்தியாக இருந்திருக்கலாம். அவள் பல்லைக் காத்தது வேப்பங்குச்சி என்று நாங்கள் நம்பினோம், அவளுடைய உடம்பாகவும் இருக்கலாம். ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒரு பாட்டி உண்டு. அவளைக் காட்டித்தான் மற்றவர்கள் ஏமாந்துபோகிறோம். குச்சி பொய் என்று சொல்லவரவில்லை. நிதானமாகத் தேய்த்தால் பல்லின் வெளிப்பக்கத்தைக் குச்சி நன்றாகவே துடைக்கும். இடுக்குக்குள் போவதில்லை. நோய் தொடங்குவது பெரும்பாலும் இடுக்கில்.

இன்னொன்றும் உறுத்தியது. 1970-ல் பார்த்த 480 பேரில் 1985-ல் மிஞ்சியவர்கள் 161 பேர். நடுவே என்ன நடந்தது என்று மலையக வரலாறு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1948-ன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல்கள் 1984 வரை ஆட்களைக் கொண்டுவந்தன. எங்கள் ஊரை இரண்டு ராஜ்யங்கள் பங்கு போட்டுக்கொண்டபோது அவ்வா வீட்டை விட்டு நகரவில்லை. அவர்களைப் பங்கு போட்டபோது அவர்களே நகர வேண்டியிருந்தது. எந்த நாட்டிலும் பெயர் பதியாதவர்களின் ஈறு மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் பதிவாகியிருக்கிறது. ஒஸ்லோக்காரருக்கு வருஷத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தது, இவர்களுக்கு 0.2 முதல் 0.3 வரை.

நாற்பது வருஷம் கழித்து 2010-ல் இன்னொரு குழு தேடிப்போனது. 480-ல் 75 பேரை மறுபடி பரிசோதித்தார்கள். ஒரு பல்லும் இழக்காதவரும் அதில் உண்டு, 28 பல் இழந்தவரும் உண்டு. பிற்பாடு எல்லாப் பல்லையும் பறிகொடுத்தவர்கள், முப்பது வயதிலேயே கணிசமாக ஈறுப்பிடிப்பை இழந்திருந்தவர்கள் என்று தெரிந்தது. அதாவது முப்பதில் கவனித்திருந்தால் அறுபதில் பல் இருக்கும். பயன் உலகத்துக்கு வந்துசேர்ந்தது. அந்தத் தோட்டங்களுக்கு நாம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம்.

நைனாவின் கதையில் இன்னொரு பாத்திரம் சர்க்கரை. முத்துசுவாமி தீட்சிதருக்குத் திருத்தணி முருகன் கிழவர் வேஷத்தில் வந்து வாயில் கற்கண்டு போட்டதாகவும், அதிலிருந்து அவர் பாடத் தொடங்கியதாகவும் ஐதிகம். நைனாவுக்கு முருகன் வேறு மாதிரி சர்க்கரை போட்டான். நாற்பத்திரண்டில் கண்டுபிடித்தார்கள், நாற்பத்தைந்தில் பல் ஆடியது. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதே லோ, 1993-ல், கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய, சிறிய ரத்தக்குழாய்கள் ஆகியவற்றின் வரிசையில் சர்க்கரை நோயின் ஆறாவது விளைவு ஈறு நோய் என்று எழுதினார். இது இருவழிப் பாதை. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. ஈறுக்குச் சரியாக வைத்தியம் பார்த்தால் மூன்று மாத சர்க்கரை அளவு சராசரியாக 0.4 அளவுக்குக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சின்ன எண்தான். மாத்திரை விலை தெரிந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

நைனா செய்த தப்பையேதான் நானும் செய்தேன். ரத்தம் வந்த இடத்தைத் தொடாமல் மற்ற இடத்தைத் தேய்த்தோம். புண் ஆறட்டும் என்று விட்டோம். ஈறு விஷயத்தில் கணக்கு தலைகீழ். ரத்தம் வருவது அங்கே படலம் தங்கியிருக்கிறது என்பதால், ஆகவே அங்கேதான் மெதுவாக, விடாமல் தேய்க்க வேண்டும். எமெட்டினில் தோற்ற அதே சார்லஸ் பாஸ், பதவி ஓய்வுக்குப் பிறகு தன் பிழையைச் சரிசெய்வது போலப் பல் தேய்ப்பதையே ஆராய்ந்தார். மென்மையான பிரஷ், ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் 45 பாகை சாய்வு, சின்னச்சின்ன அசைவு. 1954-ல் அவர் எழுதிய முறையைத்தான் அந்த டாக்டர் எனக்கு ஒரு பிளாஸ்டிக் பல் பொம்மையில் காட்டினார். காலை இரண்டு நிமிஷம், ராத்திரி இரண்டு நிமிஷம், தினம் ஒரு தடவை இடுக்குக்கு நூலோ குட்டி பிரஷ்ஷோ. புகையிலை போடுகிறவர்களுக்கு ரத்தமே வராமல் இருக்கலாம், நோய் இல்லை என்று அர்த்தமில்லை, புகையிலை ரத்த ஓட்டத்தைக் குறைத்து அறிகுறியை மறைக்கிறது. வீக்கம் மட்டும் இருக்கும்போது பிடித்தால் ஈறு முழுசாகத் திரும்பும். எலும்பு கரைந்தபின் போனது பெரும்பாலும் போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

எனக்கு நாலு தடவை உட்காரவைத்துச் சுத்தம் செய்தார்கள். ஏழு இப்போது நாலில் நிற்கிறது. நான் எட்டில் ஒருவனா, எண்பத்தொன்றில் ஒருவனா என்று தெரியாது. அவ்வாவின் பதினொன்றில் இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

நைனாவைக் கூட்டிப்போவதுதான் கஷ்டமாக இருந்தது. எண்பது வயசு, ஒன்பது பல் மிச்சம். "க்ளீன் பண்ணா இருக்கறதும் ஆடிடும்பா" என்றார். ஊரே அப்படித்தான் நம்புகிறது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "தாத்தா, இப்ப அதுங்களைப் பிடிச்சிட்டு இருக்கறது ஈறு இல்ல, காரை. காரைய எடுத்தா ஏற்கெனவே இருக்கற ஆட்டம் தெரியும். எடுக்கலன்னா உள்ளயே எலும்பைக் கரைக்கும்." நைனா என்னைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்து நாக்கால் துழாவித் துழாவி, "சந்து காலியா இருக்கே" என்று இரண்டு நாள் குறைப்பட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் குழாயடியில் நின்று அந்தக் குட்டி பிரஷ்ஷை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தறி அச்சுல பஞ்சு அடைச்சுக்கிட்டா எடுப்போமே, அந்த மாதிரிதான இது?"

"ஆமா நைனா."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் வாயைத் திறந்தார். நான் டார்ச் அடித்தேன். சிவப்பு கொஞ்சம் குறைந்து ஈறு வெளிர் ரோஸாகத் தெரிந்தது. "சிகுரு நல்லா இருக்கு" என்றேன். அவ்வாவின் சொல் ஏன் அப்போது வாயில் வந்தது என்று தெரியவில்லை.